ஓய்வுக்குப் பிறகு இருவர் மட்டும் கேம்பிங் காரில் பிரெஞ்சுக் கிராமங்களைச் சுற்றிவர முடியுமா?

பாரிஸ் புறநகரில் 28 ஆண்டுகள் உணவகச் சமையலறையில் உழைத்து ஓய்வு பெற்றிருக்கிறீர்கள். உங்களுக்கு 64 வயது, துணைவியாருக்கு 61. பழைய கேம்பிங் கார் ஒன்றை வாங்கி, மூன்று மாதம் பிரெஞ்சு நாட்டுப்புறத்தைச் சுற்றிவர ஆசை. என்ன செலவாகும், இரவில் எங்கே நிறுத்துவது, திருட்டுப் பயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எனக்குச் சமையலறைப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும், இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், யாரையும் தெரியாத ஊரில் ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது?" அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் விடை எளிது, இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். லுவார் ஆற்றோர நகரம் ஒன்றில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு 11 ஆண்டுகளாக நானும் என் கணவரும் ஆண்டுக்கு நான்கு மாதமாவது கேம்பிங் காரில்தான் வாழ்கிறோம். நான் மெக்கானிக் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. எனவே எஞ்சினைப் பற்றி நான் சொல்வதை விவரம் தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உடல்நலம், இரவுத் தங்கல், சாலை, ஊர்க்காரர்கள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதை என் அனுபவமாக நம்பலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டில் படப்பிடிப்பு இடங்களில் நிற்பதைக் கேரவன் என்கிறோம். பிரான்சில் கேரவன் என்றால் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வண்டி மட்டுமே. எஞ்சினும் வீடும் ஒன்றாக இருப்பதுதான் கேம்பிங் கார். விளம்பரங்களில் தேடும்போது இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்று உண்டு: இருவருக்கும் வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். துணைவியாரிடம் உரிமம் இருக்கிறது, பத்து ஆண்டுகளாக ஓட்டவில்லை என்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் கணவர் மட்டுமே ஓட்டினார். ஒருநாள் மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் அவருக்குக் கடுமையான தலைச்சுற்றல் வந்தது. ஏழு மீட்டர் வண்டி, பக்கத்து ஊர் 14 கிலோமீட்டர் தள்ளி, எனக்கு அதை நகர்த்தக்கூடத் தெரியாது. காதுக்குள் ஏற்பட்ட சாதாரணக் கோளாறுதான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் நான் உணர்ந்த கையறு நிலையை மறக்கவில்லை. ஊர் திரும்பியதும் ஓட்டுநர் பள்ளியில் ஆறு மணி நேரம் மறுபயிற்சி எடுத்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் பல்பொருள் அங்காடி வாகனத் திடல்களில் வண்டியைப் பின்னோக்கி எடுத்துப் பழகினேன். அப்போது எனக்கு 59 வயது. உங்கள் துணைவியாருக்கு அதைவிட இரண்டு வயதுதான் கூட. வண்டி வாங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

இரண்டாவது, தூரத்தைச் சுருக்குவது. புதிதாகக் கிளம்புகிறவர்கள் பிரான்ஸ் முழுவதையும் மூன்று மாதத்தில் பார்த்துவிட வேண்டும் என்று வரைபடத்தில் கோடு போடுகிறார்கள். நாங்கள் ஒருநாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, அதுவும் மூன்று நாளுக்கு ஒருமுறைதான். இருவழிச் சாலைகளில் 2018 முதல் பொதுவான வேக வரம்பு 80 கிலோமீட்டர். சில மாவட்டங்கள் சில சாலைகளில் அதை மீண்டும் 90 ஆக்கியிருக்கின்றன. கிராமங்களில் வலப்பக்கத்துச் சந்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை தரும் பழைய விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. பலகை இல்லாத சந்திப்பு ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாரிஸ் வண்டி ஓட்டத்தில் இது மறந்துபோயிருக்கும். இன்சுலின் போடுகிறவர் வண்டியை எடுக்கும் முன்பும், தொடர்ந்து ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் மாத்திரை கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பின்புற அலமாரியில் அல்ல. இன்சுலின் சிகிச்சைக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் தொடர்புடைய மருத்துவப் பரிசோதனை விதிகள் பிரான்சில் உண்டு. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் காகிதத்தில் சரிசெய்துகொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வண்டி வாங்குவதைப் பற்றி. சாதாரண பி வகை உரிமத்தில் நீங்கள் ஓட்டக்கூடியது மொத்த எடை 3.5 டன் வரையுள்ள வண்டி. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, ஏழு மீட்டர் வண்டி சரக்கு ஏற்றுவதற்கு முன்பே மூன்று டன்னை நெருங்கிவிடும் என்பது. மீதம் 400 அல்லது 500 கிலோ. அதில் துணைவியாரின் எடை, 100 லிட்டர் தண்ணீர், இரண்டாவது எரிவாயு உருளை, மின்மிதிவண்டி இரண்டு, வெயில்மறைப்பு, துணிமணி, நம்முடைய அரிசி மூட்டையும் குழம்புச் சட்டிகளும் எல்லாம் அடங்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் பலர் தெரியாமலேயே வரம்பை மீறி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஓட்டத்துக்கு எளிது ஆறு மீட்டருக்குள் அடங்கும் வேன் வகை. இருப்புக்கு வசதி ஏழு மீட்டர் வகை. நாங்கள் பெரியதை வைத்திருக்கிறோம், மறுபடி வாங்கினால் சிறியதைத்தான் வாங்குவேன்.

பழைய வண்டியில் எஞ்சினைவிட நான் பயப்படுவது ஈரத்துக்கு. கூரை மூட்டுகளிலும் சன்னல் ஓரங்களிலும் நுழையும் நீர், உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை ஓசையில்லாமல் அழுகவைத்துவிடும். அலமாரிகளைத் திறந்து மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தைக்கு அடியில் முகர்ந்து பாருங்கள். ஆண்டுதோறும் நீர்க்கசிவுப் பரிசோதனை செய்த சான்றுகளைக் கேளுங்கள். நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தனியாருக்கு விற்பவர், ஆறு மாதத்துக்குள் எடுத்த தொழில்நுட்பப் பரிசோதனைச் சான்றைத் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பரிசோதனை பிரேக், சக்கரம், புகை பற்றியது. சுவருக்குள் இருக்கும் ஈரத்தை அது பார்ப்பதில்லை. இத்தனையும் சொன்னாலும், என் யோசனை இந்த ஆண்டு வாங்க வேண்டாம் என்பதே. செப்டம்பரில் இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள். நாற்பது ஆண்டுத் திருமணமானாலும், கோபம் வந்தால் எழுந்து போக இன்னொரு அறை இல்லாத இடத்தில் இருவரும் வாழ்ந்து பார்த்ததில்லை. மழை நான்கு நாள் விடாமல் பெய்யும்போதுதான் இந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். அதை உங்களுக்காக வேறு யாரும் சொல்ல முடியாது.

இரவுத் தங்கல். பிரான்சைப் போலக் கேம்பிங் காருக்கு இடம் கொடுக்கும் நாட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. சிறு ஊராட்சிகள்கூட ஊர் ஓரத்தில் ஒரு திடலை ஒதுக்கி, தண்ணீர் பிடிக்கவும் கழிவுநீர் கொட்டவும் ஒரு தூணை நட்டு வைத்திருக்கின்றன. இதை 'ஏர்' என்கிறார்கள். கட்டணம் இலவசத்தில் தொடங்கி பெரும்பாலும் 15 யூரோவுக்குள் முடிந்துவிடும். சில இடங்களில் தண்ணீர்த் தூணுக்கு நாணயம் செல்லாது, நாணயம் போன்ற தனி வில்லை வேண்டும். அது ரொட்டிக்கடையிலோ புகையிலைக் கடையிலோ ஊராட்சி அலுவலகத்திலோ கிடைக்கும். அந்தக் கடைகளோ நண்பகல் 12 மணிக்கு மூடினால் 2 மணிக்கு மேல்தான் திறக்கும், திங்கட்கிழமை திறக்காமலேயே போகலாம். ஞாயிறு மாலை கழிவுத்தொட்டி நிறைந்து, வில்லையும் இல்லாமல் நின்ற பிறகு, கண்டதும் இரண்டு வாங்கி வைக்கப் பழகிக்கொண்டோம்.

சட்டம் நிறுத்துவதையும் முகாமிடுவதையும் வேறுவேறாகப் பார்க்கிறது. காருக்கு அனுமதி உள்ள சாலையோரத்தில் உங்கள் வண்டியும் நிற்கலாம், உள்ளே உறங்கலாம். ஆனால் நாற்காலி, மேசை, வெயில்மறைப்பு ஆகியவற்றை வெளியே எடுத்த நொடியில் அது முகாம் ஆகிவிடுகிறது. கடற்கரையோரம், பாதுகாக்கப்பட்ட இயற்கைத் தலங்கள், வரலாற்றுச் சின்னங்களின் சுற்றுப்புறம் போன்ற இடங்களில் முகாமிடத் தடை உண்டு. ஊர்த்தலைவர்களும் தம் ஊருக்கென்று கட்டுப்பாடு விதிக்க முடியும், எனவே ஊர் நுழைவில் இருக்கும் பலகையை வாசித்த பிறகே நிறுத்துங்கள்.

உங்களுக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பது பண்ணைத் தங்கல். 1993 முதல் இயங்கும் பிரான்ஸ் பாஸியோன் என்ற அமைப்பில் ஆண்டுச் சந்தா கட்டினால், திராட்சைத் தோட்டக்காரர்கள், பாலாடைக்கட்டி செய்பவர்கள், தேனீ வளர்ப்பவர்கள் எனப் பலருடைய நிலத்தில் ஓரிரவு, 24 மணி நேரம், கட்டணமில்லாமல் நிற்கலாம். எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வந்ததும் வணக்கம் சொல்ல வேண்டும், கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். நமக்கு இது புதிய பண்பாடே அல்ல. ஒரு வசந்தத்தில் ஈரப் புல்வெளியில் எங்கள் முன்சக்கரம் புதைந்துவிட்டது. ஆட்டுப்பண்ணைக்காரர் காலைப் பால் கறவையை முடித்துவிட்டு டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டார். பணம் வாங்க மறுத்தார். அன்று பருப்பு வடை சுட்டு ஒரு தட்டு கொடுத்தேன். அவருடைய தாயார், தொண்ணூறைத் தொட்டவர், வடைக்குள் என்ன பருப்பு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்ததால் நடந்ததல்ல இது. கடைக்குள் நுழையும்போதும் ஆளைக் கடக்கும்போதும் முதலில் 'போன்ழூர்' சொல்லுங்கள், அதன் பிறகு சமையலறைப் பிரெஞ்சே போதும். உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். இந்த நாட்டில் சமையல்காரருக்குக் கிராமத்துச் சந்தையில் தனி மரியாதை. நிறத்தைப் பார்த்து முகம் திருப்பியவர்களையும் சந்தித்திருக்கிறோம், மறைக்க விரும்பவில்லை. இந்த 11 ஆண்டுகளில் அவர்களை என் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

திருட்டைப் பற்றி. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இரவு உறங்காதீர்கள். கேம்பிங் கார் திருட்டு என்று நான் நேரில் கேட்டறிந்தவை பெரும்பாலும் அங்கே நடந்தவை. கிராமத்து ஏர்களில் எங்களுக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை, ஆனால் அது எங்கள் அனுபவம் மட்டுமே, உத்தரவாதம் அல்ல. உறங்குகிறவர்கள்மேல் சன்னல் வழியாக மயக்க வாயு அடித்துத் திருடுகிறார்கள் என்ற கதையை நீங்களும் கேட்பீர்கள். மருத்துவமனையில் மயக்கமருந்து கொடுப்பதை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் இதை நம்பவில்லை. வண்டிக்குள் இருக்கும் காற்று முழுவதையும் யாரும் உணராமல் மயக்கும் அளவுக்கு நிரப்ப மிகப் பெரிய அளவு வாயு தேவை, அதன் நெடியே எழுப்பிவிடும். பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் இது நடக்கக்கூடியதல்ல என்றே சொல்லியிருக்கிறது. உண்மையில் கொல்லக்கூடிய வாயு வேறு: அடுப்போ சூடேற்றியோ சரியாக எரியாமல் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமில்லை. குளிருக்குப் பயந்து கூரையிலும் தரையிலும் உள்ள காற்றுத் துளைகளை அடைக்கவே கூடாது. எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள்.

இப்போது நீங்கள் நடுவில் எழுதிய அந்த ஒரு வரிக்கு, யாரையும் தெரியாத ஊரில் ஒன்று ஆகிவிட்டால் என்ற கேள்விக்கு, வருகிறேன். அவசரத்துக்கு 15 அல்லது 112. அழைப்பை எடுப்பவர் முதலில் கேட்பது "எங்கே இருக்கிறீர்கள்?" பதற்றத்தில் ஊர்ப்பெயர் வராது. வந்தாலும் பிரான்சில் சேன்-மார்த்தான் என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம். அதனால் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் வண்டியை நிறுத்தியதும் தேதி, ஊர், மாவட்ட எண், சாலை அல்லது ஏர் பெயர் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். அதன் முதல் பக்கத்தில் இருவரின் நோய்களும் மருந்துகளும் அளவுகளும் பிரெஞ்சில். உங்களுக்காக அந்தப் பக்கத்தை உங்கள் மருந்தகத்தாரே எழுதித் தருவார், கேளுங்கள். மருந்துச் சீட்டு பிரான்சின் எந்த மருந்தகத்திலும் செல்லும், பச்சைச் சிலுவை விளக்கைத் தேடினால் போதும். மருத்துவர்தான் அரிது. நாட்டுப்புறத்தில் புதிய நோயாளியை ஏற்கும் மருத்துவர் கிடைப்பது கடினம் என்பது இந்நாட்டின் பெரிய குறை. எனவே வழக்கமான பரிசோதனை எல்லாவற்றையும் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் பயனில்லை. கேம்பிங் காரில் எரிவாயுவிலும் ஓடும் வகைக் குளிர்பெட்டி, வண்டி சாய்ந்து நின்றால் சரியாக வேலை செய்யாது. அது இருக்கும் பக்கம் மாலை வெயில் அடித்தாலும் திணறும். உள்ளே ஒரு வெப்பமானி வைத்து காலையும் மாலையும் பாருங்கள்.

செலவுக்குத் துல்லியமான தொகை சொல்ல மாட்டேன், வண்டியின் விலையும் காப்பீடும் ஆளுக்கு ஆள் மாறும். எரிபொருள் 100 கிலோமீட்டருக்கு 10 முதல் 12 லிட்டர் டீசல். மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால் 100 முதல் 120 லிட்டர். அங்காடிகளின் பம்புகளில் நெடுஞ்சாலையைவிட விலை குறைவு. உள்ளே போகும் முன் உயரத் தடுப்பைப் பாருங்கள், எங்கள் கூரைச் சன்னல் ஒன்று அப்படித்தான் போயிற்று. சுங்கச் சாலையில் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், மூன்று மீட்டருக்குக் குறைவாக உள்ள வண்டி இரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் உயரமானது மூன்றாம் வகுப்பு. கூரையில் ஏற்றிய பெட்டியால் கட்டணம் கூடலாம். பிரிட்டனி விரைவுச் சாலைகளில் சுங்கமே இல்லை. சமையலுக்கு மின்சோற்றுப் பானையை நம்பாதீர்கள், பல ஏர்களில் மின்சாரம் கிடையாது. பிரஷர் குக்கர் எரிவாயுவை மிச்சப்படுத்தும்.

எங்கே போவது? ஆகஸ்ட் வேண்டாம், நாடே சாலையில் இருக்கும். மே, ஜூன், செப்டம்பர் நல்லவை. வெள்ளோட்டமாக இரண்டு இரவு வடக்கே போய் வாருங்கள். பெத்தூன் அருகே நெவ்-ஷாபெலில் முதல் உலகப்போரில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் பொறித்த நினைவிடம் இருக்கிறது. 1915 மார்ச்சில் அங்கே பெரும் சண்டை நடந்தது, நினைவிடம் 1927இல் திறக்கப்பட்டது. சுற்றிலும் வெறும் வயல். வட்டச் சுவரில் பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தபோது, இந்த மண் எனக்கு முழுக்க அந்நியம் அல்ல என்று முதன்முதலாகத் தோன்றியது.

நீண்ட பயணத்துக்கு லுவார் கரையில் தொடங்கித் தெற்கே இறங்குங்கள். கரையோரம் சமதளம், மிதிவண்டிக்கு ஏற்றது. பிறகு கொரேஸ் மாவட்டத்தின் கொலோஞ்-லா-ரூஜ். ஊர் முழுதும் சிவப்பு மணற்கல். மழை நனைத்தபின் மாலை வெளிச்சம் விழுந்தால் சுவர்கள் செங்கனல் போலிருக்கும். பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் என்ற சங்கம் 1982இல் அந்த ஊரில்தான் தோன்றியது. இன்று ஏறக்குறைய 180 ஊர்கள் அதில் இருக்கின்றன. அங்கிருந்து மோந்தினியாக். அதன் அருகே 1940இல் கண்டெடுத்த, கற்கால ஓவியங்கள் கொண்ட லாஸ்கோ குகையை, பார்வையாளர்களின் மூச்சே ஓவியங்களைக் கெடுத்ததால் 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது நகல்களைத்தான் பார்க்க முடியும், நாங்கள் பார்த்தது 2016இல் திறந்த ஏறக்குறைய முழு நகல். நகல்தானே என்று தயங்கிப் போனேன், அந்தக் காளைகளின் கீழ் நின்றபோது கண் கலங்கியது. அடுத்து சார்லாவின் சனிக்கிழமைச் சந்தை, வால்நட்டும் காளானும். பிறகு தொர்தோஞ் ஆற்றங்கரையில் லா ரோக்-கஜாக். செங்குத்துப் பாறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1957இல் அந்தப் பாறையின் ஒரு பகுதி சரிந்து மூவர் இறந்தார்கள், பிறகு மீண்டும் கட்டினார்கள். விடியலில் ஆற்றுமூடுபனி விலகும்போது எழுந்திருங்கள். செப்டம்பரில் காடுகளில் நடந்தால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள், அது வேட்டைப் பருவம்.

வண்டிக்குள் விளக்கேற்றிச் சாமி கும்பிடலாமா என்று துணைவியார் கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நான் தினமும் ஏற்றுகிறேன். வண்டி நின்ற பிறகு, எரிவாயுக் குழாயை மூடிவிட்டு, கூரைச் சன்னலைத் திறந்து, திரைச்சீலையிலிருந்து தள்ளி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எவர்சில்வர் தட்டின் மேல் சின்ன அகலை வைக்கிறேன். கும்பிட்டு முடியும்வரை எதிரிலேயே நிற்பேன், பிறகு குளிரவைத்துவிடுவேன். கற்பூரமும் ஊதுபத்தியும் மட்டும் வெளியே, காற்றில்லாத நாளில்.